மாமாவும் நானும் கணப்பும்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜூன் மாதத்தில், மெல்போர்னின் கிழக்குக் கோடியில் ரோவில்லில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. நம் ஊரில் ஜூன் என்றால் பள்ளிக்கூடம் திறக்கும் வெயில் காலம். இங்கே அப்போதுதான் குளிர் ஆரம்பித்து எலும்புக்குள் இறங்கும். அந்தக் குளிரில்தான் என் மாமனார் முதன்முறையாக எங்களோடு தங்க வந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோபிசெட்டிபாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். நான் திருநெல்வேலிப் பக்கம். அவருடைய மகளும் நானும் இதே மெல்போர்னின் கிளேட்டனில் படிக்க வந்த இடத்தில் பழகி, வீட்டில் சொல்லி, கல்யாணம் செய்துகொண்டோம். மாமா எதிர்ப்பு ஒன்றும் காட்டவில்லை. கல்யாணத்துக்கு வந்தார், மாலை எடுத்துக் கொடுத்தார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், ஊருக்குப் போய்விட்டார். அதன் பிறகு என்னிடம் நேராக அவர் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு தபால் கார்டு கூட நிரம்பாது. மகளிடம் போனில் பேசி முடிக்கும்போது, "மாப்ள நல்லாருக்காரா கண்ணு?" என்று கேட்பார். பக்கத்தில் நிற்கும் நான், "நல்லா இருக்கேன் மாமா" என்று சத்தமாகச் சொல்வேன். எங்கள் உறவு அந்த அளவில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மேல் குறை சொல்ல முடியாது. அந்தப் பக்கத்து மரியாதை அப்படி. எங்கள் ஊரில் பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே காபி கேட்பார்கள். கோபிப் பக்கத்தில் கோபத்தைக் கூட ஒரு 'ங்க' சேர்த்துத்தான் வெளியே விடுவார்கள். அதிலும் மாப்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். நான் அறைக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பார். நான் தண்ணீர் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்குவார். என்னைவிட முப்பது வயதுக்கு மேல் மூத்தவர் எனக்காக எழுந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து, எனக்கும் அந்தத் தொற்று வந்துவிட்டது. அவர் எழுந்தால் நானும் எழுவேன். இரண்டு பேரும் நின்றுகொண்டே டிவி பார்த்த நாட்கள் உண்டு.

மாமியார் காலமான பிறகு அவர் கோபியில் தனியாக இருந்தார். என் மனைவிக்கு அது பெரிய வருத்தம். கெஞ்சிக் கூத்தாடி, விசா எடுத்து, குளிர்காலம் முடியும் வரைக்குமாவது இருங்கள் என்று அழைத்து வந்தாள். வரும் முன் என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். அப்பாவுக்கு மகள் வீட்டில் தங்குவதே ஒரு மாதிரி இருக்கும், அவர் கூச்சப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உன் பொறுப்பு என்றாள். அந்தப் பொறுப்பை நான் ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொண்டேன். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் வீடு பழைய செங்கல் வீடு. கூடத்தில் ஒரு ஃபயர்பிளேஸ் இருக்கிறது. சுவருக்குள் குடைந்த மாதிரி ஒரு கணப்பு, அதன் மேல் கூரையைத் தாண்டிப் போகும் புகைபோக்கி. வீடு வாங்கியதிலிருந்து அதை நாங்கள் பற்றவைத்ததே இல்லை. மேல் திட்டில் மாமியாரின் படத்தை வைத்திருந்தோம், அவ்வளவுதான். சுவரில் பொருத்திய ஹீட்டர் ஒன்றே எங்களுக்குப் போதுமாக இருந்தது. மாமா வந்து இறங்கிய அன்று சாயங்காலம், குளிரில் அவர் கை நடுங்குவதைப் பார்த்தேன். முந்தைய வீட்டுக்காரர் கொல்லையில் விட்டுப்போன விறகு ஞாபகம் வந்தது. கொஞ்சம் எடுத்து வந்து கணப்பில் தீ மூட்டினேன். மாமா இரண்டு உள்ளங்கையையும் தீக்கு நேரே நீட்டி, "நல்லாருக்குதுங்க மாப்ள" என்றார்.

எத்தனையோ வருடத்தில் அவர் என்னைப் பார்த்துப் பாராட்டாகச் சொன்ன முதல் வார்த்தை அது. அவ்வளவுதான், மறுநாளிலிருந்து தினமும் தீ. சனிக்கிழமை தோறும் கார் நிறைய விறகு வாங்கி வந்து கொல்லையில் போடுவேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும், கோடரி பிடித்துப் பழக்கமில்லாத கம்ப்யூட்டர்காரன் நான். பிளந்ததில் உள்ளங்கையில் கொப்புளம், இடுப்பில் பிடிப்பு. காலையில் சாம்பலை அள்ளிக் கொட்டும்போது தும்மல். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் புகை நாற்றமே ஆகாது. ஆனால் மாமாவுக்குப் பிடித்திருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன்.

என் மனைவி நர்ஸ். அந்த மாதம் அவளுக்கு மத்தியான ஷிப்ட். பகல் சாப்பாடு முடிந்ததும் கிளம்பினால் திரும்ப ராத்திரி ஆகிவிடும். காலையில் அப்பாவும் மகளும், சாயங்காலத்தில் மாமனாரும் மாப்பிள்ளையும் என்று வீடு இரண்டு ஷிப்டாக ஓடியது. சாயங்காலச் சமையல் என்னுடையது. மாப்பிள்ளை சமைப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார மாமாவால் முடியாது. சமையலறை வாசலில் வந்து நின்று, "வெங்காயமாவது நறுக்கித் தாரனுங்களே" என்பார். நான் விடமாட்டேன். அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் கணப்புக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு போர்வையையும் போர்த்திவிட்டு வருவேன்.

சமைக்கும்போது அடுப்புக்கு மேல் இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனை முழு வேகத்தில் வைப்பது எங்கள் வீட்டுச் சட்டம். அது என் மனைவி போட்ட சட்டம். அவளுடைய யூனிஃபார்மில் தாளிப்பு வாசனை ஏறிவிடுகிறதாம். அந்த ஃபேன் போடும் சத்தத்தில் கூடத்தில் யார் இருமினாலும் எனக்குக் கேட்காது.

குளிர்காற்றைத் தடுக்கவும் வழி செய்தோம். சுவரின் மேல் பகுதியில் அங்கங்கே சல்லடை மாதிரி காற்றுத் துவாரங்கள் இருந்தன. வீட்டைக் கட்டியவனுக்குக் கிறுக்கா, ஹீட்டர் போட்டுவிட்டுச் சுவரில் ஓட்டை வைப்பானா என்று நினைத்து, ஏணி போட்டு ஏறி எல்லாவற்றிலும் பிளாஸ்டிக் தாளை வைத்து டேப் ஒட்டினேன். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டவர் மாமா. கதவடி இடுக்கில் காற்று வருவதைக் கவனித்தவரும் அவர்தான். ஊரிலிருந்து கொண்டு வந்திருந்த வேட்டிகளை முறுக்கிக் கயிறு மாதிரி ஆக்கி, ஒவ்வொரு கதவுக்கும் ஒன்றாகப் போட்டார். ஜவுளிக்கடைக்காரரின் மடிப்பு, ஒரு நூல் இடைவெளி இல்லாமல் அடைத்துக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். முடித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். எனக்கு அன்று மனசு நிறைந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் மாமா வாட ஆரம்பித்தார்.

காலையில் நன்றாக இருப்பார். எழுந்து குளித்து, மகளோடு காபி குடித்து, பக்கத்துப் பூங்காவில் நடக்கப் போவார். எங்கள் தெருக்கோடியில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார், மாமா வயதுதான், ரிடையர் ஆனவர். நாங்கள் அங்கிள் என்று கூப்பிடுவோம். மாமாவுக்கு அவர் நடைத் துணை. இருவரும் பேசிச் சிரித்துக்கொண்டு வருவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அதே மனிதர் சாயங்காலம் ஆனதும் முகம் சுண்டிப்போவார். நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்துவிடுவார். தட்டை வைத்தால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ஒதுக்குவார். என்ன மாமா, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்.

"ஒண்ணுமில்லீங்க."

நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மகள் இருக்கும் காலையில் சிரிக்கிறார். தெருக்கோடி அங்கிளோடு சிரிக்கிறார். நான் மட்டும் இருக்கும் சாயங்காலத்தில் வாடுகிறார். இதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். மனிதருக்கு என்னைப் பிடிக்கவில்லை. கல்யாணத்தன்று வாயைத் திறந்து சொல்லாததை இப்போது உடம்பால் சொல்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். உள்ளுக்குள் ரொம்ப வலித்தது.

வலித்தால் விட்டுவிடுவேனா? இன்னும் விழுந்து விழுந்து கவனித்தேன். விறகை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டேன். நாற்காலியைத் தீக்கு இன்னும் பக்கத்தில் நகர்த்தினேன். புதுப் புதுப் பலகாரமாகச் செய்தேன், அதனால் ஃபேனும் அதிக நேரம் ஓடியது. அவர் இன்னும் வாடினார். எனக்கும் அந்த நாட்களில் சாயங்காலம் ஆனால் தலை விண்விண்ணென்று தெறிக்கும். நாள் முழுக்க ஸ்கிரீனைப் பார்க்கிற கண்ணுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் போல என்று கண் டாக்டரிடம் போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார். அப்படியானால் மனக்கவலைதான் தலைவலியாக வருகிறது என்று அதற்கும் மாமாவையே காரணமாக்கினேன்.

ஒரு நாள் காலையில் மாமா மகளிடம் டிக்கெட்டை முன்னால் மாற்றித் தரச் சொன்னார். கடையைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்குச் சிரமமாம். அது சாக்கு என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள்.

"சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் அப்படி என்னதான் பேசிக்கிறீங்க? நீ ஏதாவது சொன்னியா?"

"நான் பேசினாத்தானே சொல்றதுக்கு. அவர் கண்ணை மூடிட்டுல்ல உக்காந்திருக்கார்."

"அம்மா போனதுக்கு அப்புறம் அப்பா சிரிச்சுப் பாத்ததே இங்க வந்த பிறகுதான். நீ எப்படியாவது அவரை இருக்க வைப்பன்னு நினைச்சேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. டிக்கெட்டை மாற்றினாள். அந்த வார இறுதியிலேயே அவர் கிளம்புவதாக முடிவானது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு விடியற்காலையிலிருந்தே மழை. மாமா நடக்கப் போகவில்லை. சிணுங்கிக்கொண்டே இருந்த மழையில் வெளிச்சம் கூட வரவில்லை என்பதால் மத்தியானமே கணப்பைப் பற்றவைத்துவிட்டேன். மனைவி வேலைக்குப் போனாள். போகிற மனிதரை வாய்க்குப் பிடித்ததைச் சாப்பிட வைத்து அனுப்புவோம் என்று, கோபிப் பக்கத்து அரிசிம்பருப்புச் சாதம் எப்படிச் செய்வது என்று அவளிடம் கேட்டு வைத்திருந்தேன். தாளித்து, குக்கரில் வைத்து, அப்பளம் பொரித்தேன். ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் விறகு எரிந்து அடங்கி, செக்கச் செவேலென்று கங்காகியிருந்தது. புகை எதுவும் இல்லை. பார்க்க அழகாகக் கூட இருந்தது.

தட்டில் போட்டு, நெய் ஊற்றி, எடுத்துக்கொண்டு போனேன். நான் வருவதைப் பார்த்ததும் மாமா வழக்கம்போல எழுந்திருக்கப் பார்த்தார். மாப்பிள்ளை கையிலிருந்து உட்கார்ந்துகொண்டு தட்டு வாங்க அவருக்கு மனம் வராது. பாதி எழுந்தவர், முழங்கால் மடிந்து அப்படியே சரிந்தார். பிடிக்கக் கையை நீட்டினேன். தட்டு ஒரு பக்கம் போனது. அவரைத் தாங்க என் கையிலும் வலுவில்லை. இரண்டு பேரும் தரைவிரிப்பில் உட்கார்ந்துவிட்டோம், சாதம் சுற்றிலும் சிதறிக் கிடக்கிறது.

அடுத்த சில நிமிடங்களை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பயமாக இருந்ததால் அல்ல, பயமே வரவில்லை என்பதால். போன் சமையலறை மேடையில் இருக்கிறது, எழுந்து போய் மனைவியைக் கூப்பிட வேண்டும் என்று தெரிகிறது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கொஞ்சம் கண்ணை மூடினால் சரியாகிவிடும் என்று ஒரு சுகமான சோம்பல். மாமா என் தோளில் சாய்ந்திருந்தார். அந்த நிலையிலும் சாதம் சிந்தியதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அழைப்பு மணி அடித்தது. மறுபடி அடித்தது. யாரோ வாசலில் நிற்கும்போது திறக்காமல் இருப்பது மரியாதையில்லை என்று ஒரு பழக்கம் இருக்கிறதே, அதுதான் என்னை எழுப்பியது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனேன். கதவடியில் முறுக்கிப் போட்ட வேட்டி சிக்கிக்கொண்டு கதவு வரவில்லை. காலால் தள்ளிவிட்டு இழுத்தேன். ஈரக்காற்று முகத்தில் அறைந்தது.

தெருக்கோடி அங்கிள் குடையோடு நின்றிருந்தார். கையில் எங்கள் வீட்டு டப்பா. போன வாரம் மாமா அவருக்கு அதிரசம் போட்டுக் கொடுத்தது. வெறும் டப்பாவைத் திருப்பித் தரக் கூடாது என்று அவர் மனைவி பால்ரொட்டி என்ற யாழ்ப்பாணப் பலகாரத்தைச் சுட்டு முடிக்கும்வரை இவர் காத்திருந்தாராம். மாமா ஊருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு மழையிலும் கொண்டு வந்திருந்தார்.

"ஐயாவை இண்டைக்கு நடக்கக் காணேல்லை. அதுதான் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்" என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "தம்பிக்கு என்ன, சுகமில்லையோ?"

"ஒண்ணுமில்லை அங்கிள், லேசா தலைவலி" என்றேன். நானும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறேன் பாருங்கள்.

அவர் எட்டிப் பார்த்து, தரையில் உட்கார்ந்திருந்த மாமாவிடம் கேட்டார். மாமா உள்ளே இருந்தபடியே, ஒன்றுமில்லை, தலை கொஞ்சம் கனமாக இருக்கிறது என்றார்.

அங்கிள் டாக்டர் இல்லை, இஞ்சினியர் இல்லை. வேலை பார்த்த காலத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவர். ஆனால் எங்கள் இருவருக்கும் தோன்றாத ஒன்று அவருக்குத் தோன்றியது.

"இருமல் எண்டால் தொத்தும் தம்பி. தலையிடி தொத்துமோ? ரெண்டு பேரும் முதல்ல வெளியால வாங்கோ. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்."

மழை பெய்கிறதே என்று நான் இழுத்தேன். நனைந்தால் காயலாம் என்று ஒரே போடாகப் போட்டார். செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, மாமாவின் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கி நடத்திக்கொண்டு வாசல் படிக்குக் கொண்டுவந்தார். தன் கோட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்தினார். கதவை விரியத் திறந்து வைத்தார். எங்களை மறுபடி உள்ளே போகவிடாமல் குடையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு அவசர எண்ணுக்குப் போன் செய்தார்.

தீயணைப்பு வண்டி வந்தது. தெருவே ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தது. கையடக்கமான ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவர்கள், போன வேகத்திலேயே திரும்பி வந்து முகமூடி மாட்டிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கூரையில் இருந்த புகை அலாரம் அதற்குக் கத்தாது. அலாரம் கத்தவில்லை, அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆம்புலன்சில் இருவருக்கும் ஆக்ஸிஜன் மாட்டி, என் மனைவி வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே கொண்டு போனார்கள், அதுதான் பக்கம். யூனிஃபார்மோடு ஓடி வந்தவள் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்த எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முதலில் அழுதாள். ரத்தப் பரிசோதனை முடிந்து, பயப்பட ஒன்றுமில்லை, நேரத்தோடு வந்துவிட்டார்கள் என்று டாக்டர் சொன்னதும் திட்ட ஆரம்பித்தாள். இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கதவு திறக்காமல் இருந்திருந்தால் கதை வேறு என்றும் அந்த டாக்டர் சொன்னார். அவள் திட்டியது அதற்காகத்தான்.

திட்டி முடித்துவிட்டு அவள் போனாள். பிறகு பக்கத்துக் கட்டிலில் மாமா முகமூடியை லேசாகத் தூக்கினார்.

"மாப்ள, ஒண்ணு சொன்னாத் தப்பா நெனக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க மாமா."

"எனக்கு அந்த நெருப்பு மொதல் வாரத்துக்கு அப்புறம் ஆகவே இல்லீங்க. கிட்ட உக்காந்தாத் தலை கனக்கும், கொமட்டும். நீங்க கையெல்லாம் கொப்புளம் போட வெறகு பொளந்து மூட்டறீங்க. அதுபோய் வேண்டாம்னு எப்பிடீங்க சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆக்ஸிஜன் முகமூடிக்குள் சிரித்தால் கண்ணாடியில் படிகிற மாதிரி ஆவி படிந்துவிடுகிறது. எனக்கும் அந்த நெருப்பு பிடிக்காது மாமா, உங்களுக்காகத்தான் மூட்டினேன் என்றேன். அவர் முகமூடியைக் கழற்றியே விட்டார். பிறகு கட்டில் குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். வேறொரு நர்ஸ் வந்து முகமூடியைச் சரிசெய்துவிட்டு இருவரையும் அதட்டிவிட்டுப் போனார். அவர் போனதும் மறுபடி சிரித்தோம். ஒருவர் மனம் நோகக் கூடாது என்று இன்னொருவர், இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பெரிய காரியத்தையே செய்யப் பார்த்திருக்கிறோம்.

நான் இன்னொன்றையும் கேட்டுவிட்டேன். அந்த நேரம் போனால் அப்புறம் வாய் வராது என்று தெரியும். என்னைப் பிடிக்காமல்தான் ஊருக்குக் கிளம்புகிறீர்களோ என்று நினைத்தேன் மாமா என்றேன். அவர் பதறிப்போய், "ஐயோ, அப்பிடியெல்லாம் இல்லீங்க. வந்த எடத்துல ஒடம்புக்கு ஏதாச்சும் ஆகி, உங்களுக்குச் செரமம் கொடுத்துறக் கூடாதுன்னுதானுங்க" என்றார்.

மறு வாரம் புகைபோக்கி சுத்தம் செய்கிறவரை வரவழைத்தோம். முதல் கோளாறு மேலே இருந்தது. புகைபோக்கியின் உச்சியில் போட்டிருந்த வலையில் யூகலிப்டஸ் இலையும் ஒரு பழைய மைனாக் கூடும் சேர்ந்து பாதிக்கு மேல் அடைத்திருந்தன. அடுத்தது, நான் வாங்கி வந்து கொல்லையில் மழையில் போட்டிருந்த விறகு. ஈர விறகு எரிந்தால் புகையோடு பிசினும் போகுமாம். உள்சுவரில் அது தார் மாதிரி படிந்து கெட்டியாகியிருந்தது, ஒரு நாள் அதுவே தீப்பிடித்துக்கொள்ளும் என்றார். ஆனால் இவை மட்டுமே காரணமில்லை என்று சொல்லி, புகை வருகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மாமா போய், மாமியார் படத்துக்கு முன்னால் வைக்கும் ஊதுவத்தியில் ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார்.

அதைக் கணப்பின் வாயில் பிடித்துக்கொண்டு, சமையலறை ஃபேனை முழு வேகத்தில் போடச் சொன்னார். மேலே போக வேண்டிய புகை வளைந்து நெளிந்து அறைக்குள் வந்தது, மாமா உட்காரும் நாற்காலியைத் தாண்டி நேரே சமையலறையைப் பார்க்கப் போனது. ஃபேன் வீட்டுக் காற்றை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கிறது. போன காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்துதானே ஆக வேண்டும். அதற்கென்று வைத்த துவாரங்களில் நான் டேப் ஒட்டிவிட்டேன். கதவு இடுக்கை மாமா வேட்டியால் அடைத்துவிட்டார். மிச்சம் திறந்திருந்த ஒரே வழி புகைபோக்கி. தீ கொழுந்து விட்டு எரியும்போது அதன் சூடு எப்படியோ சமாளித்துப் புகையை மேலே தள்ளியது. கங்காக அடங்கிய பிறகு ஃபேன் ஜெயித்தது. நான் தாளிக்கத் தாளிக்க அந்த விஷக் காற்று மாமாவின் மடியில் வந்து இறங்கியிருக்கிறது.

பிறகு ஜன்னலை ஒரு விரற்கடை திறக்கச் சொல்லி, ஃபேனைக் குறைத்து வைக்கச் சொன்னார். ஊதுவத்திப் புகை சமர்த்தாகத் திரும்பிப் புகைபோக்கிக்குள் ஏறியது. இவ்வளவுதானா என்று இருந்தது. டேப்பையெல்லாம் அன்றைக்கே கிழித்தேன், இந்த முறையும் ஏணியைப் பிடித்துக்கொண்டவர் மாமாதான். வேட்டிகள் துவைத்துப் பெட்டிக்குள் போயின. கார்பன் மோனாக்சைடுக்கென்று தனி அலாரம் வாங்கிக் கூடத்தில் ஒன்றும் படுக்கையறைப் பக்கம் ஒன்றும் மாட்டினோம். வருடா வருடம் குளிருக்கு முன்னால் புகைபோக்கியைச் சுத்தம் செய்கிறோம், கூரைக்குக் கீழே உலர வைத்த விறகை மட்டும் எரிக்கிறோம். அதுவும் மனைவி வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், ஜன்னலைத் திறந்து வைத்து. ஏனென்றால் கணப்பு நிஜமாகவே பிடித்த ஒரே ஆள் என் மனைவி என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியவந்தது.

மாமாவின் டிக்கெட்டை மறுபடியும் மாற்றினோம், இந்த முறை பின்னால் தள்ளி. பூங்காவில் பூப்பூக்கும் வரை இருந்தார். சாயங்காலங்களில் வெங்காயம் நறுக்குவது அவர் வேலை என்று நான் விட்டுக்கொடுத்துவிட்டேன். தெருக்கோடி அங்கிளின் டப்பா இன்றுவரை ஒரு தடவையும் காலியாகப் போனதில்லை. அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் என்ன கொடுத்தாலும் தகும்.

இப்போது மாமா கோபியிலிருந்து என் போனுக்கே நேராகக் கூப்பிடுகிறார். முன்பு சொல்லாமல் விட்டதையெல்லாம் தவணையாகச் சொல்கிறார். போன வாரம் கூட, "அந்த அரிசிம்பருப்புல பூண்டு பத்தாதுங்க மாப்ள" என்றார். தரையில் சிந்திய சாதத்தில் அவர் எப்போது வாய் வைத்தார் என்று நான் கேட்கவில்லை. குறை சொல்கிற அளவுக்கு நெருங்கிவிட்டாரே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது முகம் வாடி உட்கார்ந்திருந்தால், அவர்களுக்கு என்மேல் என்ன மனத்தாங்கலோ என்று நான் இப்போதெல்லாம் யோசிப்பதில்லை. என்ன செய்கிறது என்று கேட்பேன். "ஒண்ணுமில்லை" என்று பதில் வந்தால், பேசாமல் எழுந்து போய் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு முறை கேட்பேன்.